வர்றேன்னு சொல்லக் கூடாது

மழை என்றால் மழை... அப்படியொரு மழை. குடையை விரித்த மறுநிமிடமே அது பின்பக்கமாக மடங்கி, 'என்னால் ஆனது இவ்வளவுதான்' என்று கைவிரித்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த அவள் நாலாப்பக்கமும் பார்த்தாள். விடுமுறைக்கு வந்திருந்த அந்த வெளிநாட்டு ஊரில் ஷேர் டாக்ஸிகள் எல்லாம் மஞ்சள் வேன்கள். ஒரு வாரமாக அதில்தான் ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள். இதோ, சாலைக்கு அந்தப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் மஞ்சள் வேன் நிற்கிறது. கதவுகூடத் திறந்துதான் இருக்கிறது.

ஒரே ஓட்டம். ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து, கதவைப் படாரென்று சாத்தி, தங்கியிருந்த ஹோட்டலின் பெயரைச் சொன்னாள்.

ஓட்டுநர் திரும்பினான்.

கண்களைப் பார்த்துப் பிழைக்கிறவள் அவள். கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதகர் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது ஜோடிக் கண்கள், ஆறு வருடமாக. இதில் அழகு, அழகின்மை எல்லாம் அவளுக்கு மரத்துப்போயிருந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், இந்த நிமிடம் வரை. மழை வெளிச்சத்தில் பழுப்பாக மின்னிய கண்கள்... கொஞ்சம் தூக்கம் போதாத கண்கள்... இப்போதைக்குக் கோபமான கண்கள்.

அவன் அந்த ஊர் மொழியில் ஏதோ சொன்னான். அவள் மறுபடி ஹோட்டல் பெயரைச் சொன்னாள். அவன் இன்னும் சத்தமாக ஏதோ சொன்னான். சரியாக அந்த நேரம் பார்த்து அம்மாவின் அழைப்பு.

"எங்கேடி இருக்கே? என்ன சத்தம்?"

"வேன்ல ஏறியிருக்கேம்மா. டிரைவர் என்னவோ கத்தறான். சரியான சிடுமூஞ்சி. காலையில விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி ஒரு முகம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா கண்ணு மட்டும் ரொம்ப அழகா இருக்கும்மா... என்ன பிரயோஜனம்?"

"விளக்கெண்ணெய் இல்லீங்க," என்றான் ஓட்டுநர், சுத்தமான தமிழில். "வெறும் டீதான் குடிச்சேன். இது டாக்ஸி இல்லை. பின்னாடி கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

திரும்பினாள். பதினோரு குழந்தைகள். சீருடையும் பையுமாக, வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வலது ஜன்னலோரம் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண், அவள் முகத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது அவளுக்கு. இறங்கக் கதவில் கை வைத்தாள்.

"இறங்காதீங்க. இந்த மழையில நனைஞ்சு காய்ச்சல் வந்தா அந்தப் பாவமும் விளக்கெண்ணெய் கணக்குலதான் சேரும்." வண்டி புறப்பட்டது. ஹோட்டல் வாசலில் அவளை இறக்கிவிட்டான். அவள் இறங்கிய வேகத்தில் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அறைக்குப் போய்த் தலை துவட்டும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. சரி, இனிமேல் அந்த முகத்தை எங்கே பார்க்கப் போகிறோம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த முகம்தான் அவளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டது.

கட்டிட வேலைக்காகப் பல தேசங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் தங்கும் இல்லம் அது. பெற்றோரை இழந்தவர்கள் பாதி. வேலை செய்கிற இடத்தில் பிள்ளையை வைத்துக்கொள்ள வழியில்லாதவர்களின் குழந்தைகள் மீதி. மொத்தம் முப்பத்தெட்டு பேர். விடுமுறையில் ஒரு வாரத்தை ஊர் சுற்றவும், இரண்டு வாரத்தை இங்கே கண் பரிசோதனை செய்யவும் ஒதுக்கி, கடிதம் எழுதி அனுமதி வாங்கி வந்திருந்தாள் அவள்.

"வாங்க, வாங்க," என்றான் வேன்காரன். "டீ தரட்டுமா? விளக்கெண்ணெய் தீர்ந்துபோச்சு."

அவள் காதுவரை சிவந்தாள். "நேத்து... நான்..."

"நன்றி சொல்லாம இறங்கிட்டீங்க. பரவாயில்லை. ரெண்டு வாரம் இருக்கப் போறீங்கல்ல, ஒரு நாள் சொல்லிக்கலாம்."

அந்த இல்லத்தில் வேன் ஓட்டுவது, குழாய் ஒழுகினால் அடைப்பது, கட்டில் ஆடினால் ஆணி அடிப்பது எல்லாம் அவன் வேலை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பதும் அவன்தான். காப்பாளர் அம்மாவின் அறையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தன்னார்வலர்களுக்கான விதிகள். அவன் வரிசையாகச் சொன்னான்.

"ஒண்ணு, குழந்தைங்களைப் படம் எடுக்கக் கூடாது. ரெண்டு, ஒரு குழந்தைக்கு மட்டும் தனியாப் பரிசு கொடுக்கக் கூடாது. மூணு, மூடின அறையில குழந்தையோட தனியா இருக்கக் கூடாது."

"நாலாவதா ஏதோ பேனாவால எழுதியிருக்கே?"

அதை அவன் தாளைப் பார்க்காமலே சொன்னான். "போகும்போது, மறுபடி வர்றேன்னு எந்தக் குழந்தைகிட்டயும் சொல்லக் கூடாது."

"இது என்ன விதி? நிஜமாவே வர்றதா இருந்தா?"

"வர்றதா இருந்தா வந்து நில்லுங்க. சொல்லாதீங்க."

மற்ற மூன்றும் அச்செழுத்து. நாலாவது நீல மை. யாருடைய கையெழுத்து என்று அவள் கேட்கவில்லை.

பள்ளிக்கு அன்றிலிருந்து இரண்டு வாரம் விடுமுறை. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அட்டையை மாட்டினாள். எழுத்தே தெரியாத குழந்தைக்கும் பார்வையைச் சோதிக்க ஒரு அட்டை உண்டு. மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி ஒரே ஒரு உருவம். வரிக்கு வரி சிறிதாகிக்கொண்டே போகும். பல் ஒரு இடத்தில் மேலே பார்க்கும், ஒரு இடத்தில் வலப்பக்கம், ஒரு இடத்தில் கீழே. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். மொழியே வேண்டாம்.

ஒவ்வொருவராகத்தான் அழைப்பாள் வழக்கமாக. ஆனால் குழந்தைகள் பயந்து ஒதுங்கி நின்றதைப் பார்த்து, 'எல்லாரும் வந்து உட்காருங்க, விளையாட்டு மாதிரி இருக்கட்டும்' என்றாள். கடைசி வரிவரை சரியாகக் காட்டியவர்களுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு கைதட்டல். சட்டையில் ஒரு தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கர். கூடமே கலகலத்துப் போனது. பயம் போன இடம் தெரியவில்லை. கண்ணாடி அக்கா, கண்ணாடி அக்கா என்று அவரவர் மொழியில் அவளுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

"நட்சத்திரம் பரிசுல சேராதா? ரெண்டாவது விதி?" என்று காதருகில் கேட்டான் வேன்காரன்.

"அது மதிப்பெண். உங்களுக்கும் ஒண்ணு வேணும்னா வாங்க, சோதிக்கறேன்."

"வேண்டாம்மா. என் கண்ணைத்தான் ஏற்கெனவே உங்கம்மாவுக்கு ரிப்போர்ட் பண்ணிட்டீங்களே."

அவள் சிரிப்பை அடக்க அட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து பேரின் கண்ணைச் சோதித்து முடிப்பதற்குள் அவன் குரல் அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. மொழிபெயர்ப்பான் பாருங்கள்... ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வாக்கியம் வால் சேர்ப்பான். "அக்கா, நீங்க ரொம்ப நல்லவங்கன்னு சொல்றான்... இவன்தான் நேத்து என் செருப்பை ஒளிச்சு வச்சவன், நம்பாதீங்க."

நாலாம் நாள் முன்பல் இல்லாத அந்தச் சின்னப் பெண்ணின் முறை வந்தது. ஏழு வயது. வேன்காரன் வைத்த பெயர் அணில். இடது கண், கடைசி வரி வரை சரி. வலது கண், கடைசி வரி வரை சரி. கைதட்டல். நட்சத்திரம். அணில் ஒரு குட்டிக்கரணம் போட்டுவிட்டு ஓடியது.

அன்று மாலை அவள் அட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவன் வந்து நின்றான். முகத்தில் கேலி இல்லை.

"அணிலை இன்னொரு தடவை பாருங்களேன். அவளுக்கு வலது கண் சரியாத் தெரியலைன்னு நினைக்கறேன்."

"பார்த்துட்டேனே. ரெண்டு கண்ணும் நூத்துக்கு நூறு."

"இல்லைங்க... வேன் படி ஏறும்போது காலால தடவித் தடவித்தான் ஏறுவா. எப்பவும் வலது ஜன்னலோரம்தான் உட்காருவா, எல்லாரும் இடது பக்கம் இருக்கணும் அவளுக்கு. வலது பக்கத்துலேர்ந்து எதை நீட்டினாலும் வாங்க மாட்டா. ஒரு வருஷமாப் பார்க்கறேன்."

அன்று முப்பத்திரண்டு டிகிரி வெயில். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை. அதோடு மதியம் அம்மா வேறு பேங்க் மாப்பிள்ளை ஒருவரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தாள். காரணம் தேடினால் ஆயிரம் கிடைக்கும். ஆனால் உண்மைக் காரணம் ஒன்றுதான்: அவள் வேலையில் ஒருவர் குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

"ஆறு வருஷமா இதுதாங்க என் வேலை," என்றாள். "நீங்க வண்டியை ஓட்டுங்க. கண்ணை நான் பார்த்துக்கறேன்."

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து மொழிபெயர்ப்பில் வால் இல்லை. அவள் சொன்னது அப்படியே அங்கே போனது. குழந்தை சொன்னது அப்படியே இங்கே வந்தது. அளந்து ஊற்றிய மாதிரி. காலை வணக்கம், மாலை வணக்கம், நடுவில் மேடம். மேடமாம்! போய் மன்னிப்புக் கேள் என்று மனசு தினமும் சொன்னது. எனக்கென்ன, நான் சொன்னதில் தப்பென்ன என்று வாய் பிடிவாதம் பிடித்தது. அந்தப் பிடிவாதத்திலேயே ஐந்து நாள் ஓடிவிட்டது... ஒவ்வொரு இரவும் அந்தப் பழுப்புக் கண்கள் மட்டும் தூங்கவிடவில்லை.

பத்தாம் நாள் மாலை மழை விட்டிருந்தது. முற்றத்தில் பெண் குழந்தைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஏதோ பாட்டுப் பாடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்குத் தகுந்தபடி கைகள் போயின. மேலே, வலது, வலது, கீழே, இடது... மேலே, கீழே, இடது, வலது, கீழே... டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரசித்துப் பார்த்தாள். அழகான ஆட்டம். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

டீக் கோப்பை பாதி வழியில் நின்றது.

மேலே, வலது, வலது, கீழே, இடது... அது அட்டையின் ஐந்தாவது வரி. அடுத்தது ஆறாவது வரி. அதற்கடுத்தது கடைசி வரி. அவள் சுவரில் மாட்டிய அட்டை முழுவதும் முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்த சீப்புகளைக் குழந்தைகள் பாட்டாகக் கட்டி மனப்பாடம் செய்துவிட்டிருந்தார்கள். கைதட்டலுக்காக. நட்சத்திரத்துக்காக. ஆட்டத்தை முன்னால் நின்று நடத்தியது அணில். ஒரு பிழையில்லாமல், இரண்டு கண்களையும் இறுக்க மூடிக்கொண்டு.

டீயைக் கீழே வைத்தாள். குழந்தைகளைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, தெரியாத கண்ணைத் தெரிகிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அந்தக் குறிப்பை நம்பி இனி யாரும் அந்தக் கண்ணைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வேன்காரன் வண்டிக்கடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு செருப்புக் கால்கள் மட்டும். அவள் அந்தக் கால்களுக்கு எதிரில் போய் நின்றாள். முகம் தெரியாததே நல்லதாகப் போயிற்று.

"நான்தான்," என்றாள். "எனக்குத்தான் கண்ணு தெரியலை."

முடுக்குகிற சத்தம் நின்றது.

"நீங்க சொன்னது சரி. அட்டையை மனப்பாடம் பண்ணிட்டாங்க. அணில் மட்டும் இல்லை, எத்தனை பேருன்னே தெரியலை. நீங்க ஒரு வருஷமாப் பார்த்ததை நான் ரெண்டு நிமிஷத்துல இல்லைன்னு சொன்னேன். அதோட... வண்டியை ஓட்டுங்கன்னு சொன்னேனே, அது ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்க."

ஸ்பேனர் ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக அவன் வெளியே நகர்ந்து வந்தான். மூக்கில் கிரீஸ்.

"என் கால்கிட்ட இவ்வளவு மரியாதையா யாரும் பேசினதில்லை," என்றான். "இன்னும் எத்தனை நாள் இருக்கு உங்களுக்கு?"

"நாலு."

"முப்பத்தெட்டு பேர். முடியுமா?"

"நீங்க கூட இருந்தா முடியும்."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று இருவருக்கும் உறைத்தது. அவன் அவசரமாக மூக்கைத் துடைத்தான். கிரீஸ் கன்னத்துக்கும் பரவியது.

அன்று மாலையே அவன் கெட்டி அட்டையை அறுத்துக் கொடுத்தான். அவள் அளவு பார்த்து வரைந்தாள். அவன் கருப்பு மை பூசினான். ஒரு அட்டைக்கு ஒரு சீப்பு. கையில் பிடித்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம், யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. இந்த முறை கூடத்தில் ஒவ்வொருவராக அழைத்தாள். வாசற்படியில் காப்பாளர் அம்மா காவல். நட்சத்திரத்துக்கும் விதி மாறியது. தெரியாததைத் தெரியலை என்று உண்மையாகச் சொல்கிறவர்களுக்கே நட்சத்திரம்.

தெரியலை, தெரியலை என்று ஏழு குழந்தைகள் சொன்னார்கள். அணில் எட்டாவது.

இடது கண்ணை மூடியதும் அந்தச் சின்ன முகம் திணறியது. இரண்டடி தூரத்தில் பிடித்த பெரிய சீப்புகூட அதற்குத் தெரியவில்லை. அவள் முழங்காலிட்டு அணிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா கண்ணு முன்னாடியே சொல்லலை?"

அணில் சொன்னதை வேன்காரன் இன்னொரு முறை கேட்டுக்கொண்டுதான் மொழிபெயர்த்தான்.

"ஒரு கண்ணு பார்க்கறதுக்கு, ஒரு கண்ணு அழகுக்கு. எல்லாருக்கும் அப்படித்தானேன்னு கேக்கறா."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தையின் சட்டையில் நட்சத்திரத்தை ஒட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் எட்டு பேரையும் கண் டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். மற்ற ஏழு பேருக்கும் கண்ணாடி போதும். அணிலுக்கு அவள் பயந்ததையேதான் அவரும் சொன்னார். சோம்பேறிக் கண், அதாவது மூளை பயன்படுத்தாமல் விட்டதால் பார்வை மங்கிப்போன கண். கண்ணாடி போட வேண்டும். நல்ல கண்ணைப் பிளாஸ்திரி ஒட்டி மூடி, தினமும் இரண்டு மணி நேரம் சோம்பேறிக் கண்ணை வேலை வாங்க வேண்டும். ஏழு வயதில் செய்தால் பலன் இருக்கும். தள்ளிப்போடப் போட, வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். ஒரு நாள்கூட விடக் கூடாது. மூன்று மாதம் கழித்து யாராவது முறையாகச் சோதித்து, தொடரலாமா என்று சொல்ல வேண்டும்.

"தெரியாத கண்ணை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் இருக்கறது குழந்தைக்கு நரகம்," என்றாள் அவள், வேனில் திரும்பும்போது. "அழுவா. பிச்சு எறிவா. பெத்தவங்களே பாதியில விட்டுடுவாங்க."

"நான் ஒட்டறேன். ஸ்கூல் விட்டு வேன்ல ஏறினதும் ஒட்டிடறேன். தினமும்."

"மூணு மாசம் கழிச்சு நான்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நாலாவது விதி.

சிக்னலில் வண்டி நின்றது. கண்ணாடியில் மழைத்துளிகள் ஒன்றையொன்று தொட்டு ஓடின. அவன் சாலையைப் பார்த்தபடியே பேசினான்.

"அந்த நீல மை என் கையெழுத்துதான். நம்ம ஊர்லேர்ந்து கட்டிட வேலைக்கு வந்த அப்பா சாரத்துலேர்ந்து விழுந்து இறந்தப்புறம் அம்மா வீட்டு வேலைக்குப் போனாங்க. போன இடத்துல பிள்ளையை வச்சுக்க முடியாது. இந்த இல்லத்துலதான் வளர்ந்தேன். அம்மா ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை வந்துடுவாங்க, ஒரு வாரம் தவறினதில்லை. இன்னிக்கும் என்கூடத்தான் இருக்காங்க. ஆனா எனக்கு எட்டு வயசு இருக்கும்போது ஒருத்தர் வந்தார். ஓவியம் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வருஷம் வர்றேன், உனக்கு ஒரு சைக்கிள் கொண்டுவர்றேன்னார்..."

"வரலையா?"

"வாசல் கேட் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன். பத்து வயசு வரைக்கும். அவர் நல்லவர்தாங்க. பொய் சொல்லணும்னு சொல்லலை. போய் மறந்துட்டார், அவ்வளவுதான்."

அவள் கண்ணாடியில் ஓடிய துளிகளைப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் அது வாக்குறுதியாகிவிடும் போலிருந்தது.

புறப்பட்ட நாளில் அவன்தான் விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டினான். புதுக் கண்ணாடி, ஒரு பக்கம் பிளாஸ்திரியுடன் அணில் கேட்டில் நின்று கையாட்டியது. எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. அந்த இல்லத்துக் குழந்தைகள் யாரும் அதைக் கேட்பதில்லை... அதுதான் அவளைக் கொன்றது.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவன் நின்றான்.

'ஒரு வார்த்தை கேளேன்டா, பாவி' என்று அவள் மனசு கெஞ்சியது.

"சரி," என்றான் அவன்.

"சரி," என்றாள் அவள்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் மாலை கைப்பேசியில் ஒரு படம் வந்தது. ஒரு அட்டையில் மூன்று பிளாஸ்திரிகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு முகம் வரைந்திருந்தது: ஒன்று அழுதது, ஒன்று நாக்கை நீட்டியது, ஒன்று மீசை வைத்திருந்தது. குழந்தையின் படம் இல்லை; விதி ஒன்று மீறப்படவில்லை. கீழே ஒரு எழுத்தும் இல்லை.

மறுநாள் நான்கு பிளாஸ்திரிகள். அதற்கு மறுநாள் ஐந்து. அவள் பதிலுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் அனுப்புவாள். இருபதாம் நாளில் அழுகிற முகங்கள் குறைந்தன. நாற்பதாம் நாளில் ஒரு பிளாஸ்திரி வாய் விட்டுச் சிரித்தது. ஒரு நாள்... ஒரே ஒரு நாள்கூடத் தவறவில்லை. மாலை ஆனால் அவள் பொழுது கைப்பேசியைப் பார்ப்பதும் வைப்பதுமாகத்தான் ஓடியது. இல்லாத அக்கறையை இருப்பதாகச் சொல்கிற ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இருக்கிற அக்கறையை இப்படி ஒரு வார்த்தை இல்லாமல் தினமும் ஒட்டி அனுப்புகிறவனை இப்போதுதான் பார்க்கிறாள்.

எண்பத்தைந்தாம் நாள் அம்மாவிடம் மாட்டிக்கொண்டாள்.

"யாருடி அது, தினமும் பிளாஸ்திரி அனுப்பறவன்?"

"அம்மா... அது... ஒரு குழந்தையோட சிகிச்சை..."

"குழந்தைக்குச் சிகிச்சை சரி. உனக்கு ஏன் முகம் இப்படிச் சிவக்குது?" அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "இவன்தானே விளக்கெண்ணெய் குடிச்சவன்? கண்ணு அழகா இருக்குன்னியே?"

"ஞாபகம் இருக்கா உனக்கு?"

"நீ ஒருத்தன் கண்ணைப் பத்திப் பேசினது அதுதான் முதல் தடவை. மறப்பேனா?" அம்மா கைப்பேசியை அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். "வேன் ஓட்டறவன்னு சொந்தக்காரங்க நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. எனக்கும் முதல்ல தூக்கிவாரித்தான் போட்டுது. ஆனா பேங்க் மாப்பிள்ளை ஒரு மாசமா தினமும் ரோஜாப்பூ படம் அனுப்பறான், ஒரு நாளாவது நீ சாப்பிட்டியான்னு கேட்டானா? இவன் யார் பெத்த பிள்ளைக்கோ எண்பத்தஞ்சு நாள் விடாம ஒட்டியிருக்கான். கட்டினவளை விட்டுடவா போறான்? போய்ப் பார்த்துட்டு வா. ஆனா ஒண்ணு... பிடிச்சிருக்கான்னு வாயால கேட்டுட்டு வா."

அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு நன்றி சொல்வதா, பிளாஸ்திரிக்கு நன்றி சொல்வதா என்றே தெரியவில்லை.

விடுப்பு எழுதினாள். டிக்கெட் எடுத்தாள். அவனிடம் சொல்லவில்லை. வர்றதா இருந்தா வந்து நில்லுங்க, சொல்லாதீங்க.

விமானம் இறங்கிக் கைப்பேசியை உயிர்ப்பித்தபோது, முந்தின நாள் மாலை வந்த படம் காத்திருந்தது. தொண்ணூற்றொரு பிளாஸ்திரிகள். அதன் கீழே, முதல் முறையாக எழுத்துகள்.

'எப்ப வருவீங்க?'

இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு வரி.

'இதை அணில் கேக்கலை. நான் கேக்கறேன்.'

நடக்கிற கூட்டத்துக்கு நடுவில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். வர்றேன்னு சொல்லக் கூடாது என்று எழுதியவனே அந்தச் சொல்லுக்கு ஏங்கியிருக்கிறான். பத்து வயது வரை கேட்டருகில் உட்கார்ந்து, இனி யாரையும் இதைக் கேட்பதில்லை என்று முடிவு செய்த ஒருவன், அவளைக் கேட்டிருக்கிறான். பதில் எழுத விரல் துடித்தது. வேண்டாம். இன்னும் இரண்டு மணி நேரம்...

மாலை நாலேகாலுக்கு அதே பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். வானம் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி கொட்டத் தொடங்கியது. புதுக் குடை வாங்கி வந்திருந்தாள், விரித்தாள், அதுவும் பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. சாலைக்கு அந்தப்பக்கம், பள்ளி வாசலில், மஞ்சள் வேன். சாலையைக் கடக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கால் வரவில்லை. நேற்றிலிருந்து பதில் இல்லை என்று அவன் மனசு வெறுத்திருந்தால்? கேட்டிருக்கவே கூடாது என்று நினைத்திருந்தால்?

அப்போதுதான் வேனின் வலது ஜன்னல் திறந்தது. ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. கண்ணாடி, அதற்குள் இடது கண்ணில் அன்றைய பிளாஸ்திரி. அந்த முகம் மழையினூடே அவளை உற்றுப் பார்த்தது. அழகுக்கென்று வைத்திருந்த அந்த வலது கண்ணால் பார்த்தது. பிறகு பல் முளைத்த வாய் முழுவதும் திறந்து ஒரு கூச்சல் போட்டது. அவளுக்கு அந்த ஊர் மொழி தெரியாது. ஆனால் தன் பெயர் தெரியும்.

கண்ணாடி அக்கா!

ஓட்டுநர் கதவு திறந்தது. அவன் மழையில் இறங்கி நின்றான். அவள் சாலையைக் கடந்தாள். எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"இது டாக்ஸி இல்லைங்க," என்றான்.

"தெரியும்ங்க. தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

"பதிலே வரலையே... தப்பா எதாவது கேட்டுட்டேனோன்னு..."

"நாலாவது விதி என்ன? வர்றேன்னு சொல்லக் கூடாது. வந்து நிக்கணும். நிக்கறேன்ல?" தலையிலிருந்து தண்ணீர் வழிய அவனைப் பார்த்தாள். பொங்கி வந்ததை அடக்கவில்லை. "ஒரு நன்றி பாக்கி இருக்கு உங்களுக்கு. அன்னிக்கு மழையில இறக்கிவிட்டதுக்கு. நான் பார்க்காம விட்டதைப் பார்த்ததுக்கு. தொண்ணூத்தொரு நாளுக்கும். ரொம்ப... ரொம்ப நன்றி."

"ஒரு நாள் சொல்லிக்கலாம்னுதானே சொன்னேன்? இப்படி அழுதுக்கிட்டா?"

"மழைங்க அது."

"பொய்." அவன் சிரித்தான். அந்தப் பழுப்புக் கண்கள் நிறைந்திருந்தன. "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. என் காலைப் பார்த்து மன்னிப்புக் கேட்டீங்களே, அன்னிலேர்ந்து. போகும்போது கேட்கணும்னு நினைச்சேன். பயமா இருந்துது. இப்ப... இங்கயே இருந்துடறீங்களா? இல்லைன்னா நான் அங்க வர்றேன். அம்மாவையும் கூட்டிக்கிட்டு. எப்படின்னாலும் சரி, மறுபடி கேட் பக்கத்துல மட்டும் உட்கார வைக்காதீங்க."

"உட்கார வைக்க மாட்டேன்," என்றாள். "எனக்கும் பிடிச்சிருக்கு. கண்ணு மட்டும்னு நினைச்சேன்... முழுசாவே பிடிச்சிருக்கு."

வேன் ஜன்னல்களில் பதினோரு தலைகள். அணில் பொறுமையில்லாமல் கதவைத் தட்டி ஏதோ கேட்டது.

"என்ன கேக்கறா?"

அவன் முகம் சிவந்தது. "நாம என்ன பேசினோம்னு மொழிபெயர்க்கணுமாம்."

"உங்க வேலைதானே? வால் எல்லாம் சேர்க்காம, அப்படியே சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்தான். பிறகு பதினோரு குழந்தைகளுக்கும் கேட்கும்படி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அப்புறம் கடைசி வரிவரை சரியாகப் படித்தவனுக்குத் தட்டுகிற மாதிரி, பதினோரு ஜோடிக் கைகளும் படபடவென்று தட்டின.

அணில் வேன் படியில் காலால் தடவாமல் குதித்து இறங்கியது. தன் பையைத் திறந்து, எப்போதோ பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு தங்க நட்சத்திரத்தைப் பிரித்து, எம்பி, வேன்காரனின் நனைந்த சட்டையில் ஒட்டியது. உண்மையைச் சொன்னவர்களுக்குத்தான் நட்சத்திரம்.